‘வேணும்’ என்பதிலிருந்து ‘விசுவசிக்கிறேன்’ என்பதற்கு: முத்துக்குளித்துறைக் கிறித்தவ மரபில் துன்பமும் மகிழ்ச்சியும்

ஆய்வுச் சுருக்கம்

துன்பக் காலத்தில் கிறித்தவ நம்பிக்கை அளிக்கும் மகிழ்ச்சி பெரும்பாலும் தனிமனித உள்ளத்தில் நிகழும் மாற்றமாகவே விளக்கப்படுகிறது. குலசேகரன்பட்டினத்தை அடுத்த மணப்பாடு தொடங்கித் தூத்துக்குடி, வேம்பாறு வரை நீளும் முத்துக்குளித்துறையின் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு வரலாறு வேறொரு விளக்கத்திற்கு இடந்தருகிறது. பாதுகாப்பை நாடிச் சமயம் மாறிய பரதவர், அப்பாதுகாப்புப் பொய்த்த காலத்திலும் சமயத்தைக் கைவிடவில்லை. தாய்மொழியில் ஒருங்கே சொல்லப்பட்ட மன்றாட்டு, பகிர்ந்துகொள்ளப்பட்ட பொருள், ஆண்டுதோறும் திரும்பி வரும் திருவிழா ஆகிய மூன்றும் அவர்தம் மகிழ்ச்சிக்கு உறைவிடமாயின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முத்துக்குளித்துறை, பரதவர், மணப்பாடு, நெய்தல், இரங்கல், சவேரியார், அண்டிரிக் அடிகளார், தம்பிரான் வணக்கம்.

முன்னுரை

பாண்டிய வேந்தன் குலசேகரன் பெயரோடு தொடர்புபடுத்தப்படும் குலசேகரன்பட்டினம், திருச்செந்தூருக்குத் தெற்கே அமைந்த பழந்துறைமுகங்களுள் ஒன்று. இன்று முத்தாரம்மன் கோயில் தசரா விழாவால் பெரிதும் அறியப்படும் இவ்வூருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றின்மீது மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயம் உள்ளது. திருச்செந்தூருக்கு வடக்கே இசுலாமியர் மிகுந்து வாழும் காயல்பட்டினம் உள்ளது. மூன்று சமய மரபுகளும் ஒரே கடலை நம்பி அருகருகே வாழ்ந்து வரும் கரை இது.

இக்கரையின் கிறித்தவம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு திசைகளில் நடந்துள்ளன. ஒன்று, போர்ச்சுகீசியர் வருகை, முத்து வணிகம், சமய மாற்றம் ஆகியவற்றை அரசியல், பொருளியல் நோக்கில் காண்பது. மற்றொன்று, தமிழ் அச்சுக்கலையின் தோற்றம், உரைநடை வளர்ச்சி ஆகியவற்றை மொழி வரலாற்று நோக்கில் காண்பது. துன்பம் மிகுந்த அந்நூற்றாண்டுகளில் புதிய நம்பிக்கை அம்மக்களுக்கு மகிழ்ச்சி அளித்ததா, அளித்ததெனின் எவ்வழியில் அளித்தது என்னும் வினா இவ்விரண்டிற்கும் இடையே நிற்கிறது. இவ்வினாவை இலக்கியத் திணைக் கோட்பாடு, சமய மொழிபெயர்ப்பு, வரலாற்று நிகழ்வுகள் ஆகியவற்றின் துணைகொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெய்தலும் இரங்கலும்

தொல்காப்பியம் நெய்தல் திணைக்கு உரிப்பொருளாக இரங்கலை வகுத்துள்ளது. கடலுக்குள் சென்றவர் மீள்வது உறுதியில்லை. கரையில் இருப்போர் காத்திருப்பதன்றி வேறு செய்ய வழியில்லை. இரங்கல் அகத்திணை மரபில் தலைவியின் உணர்வாகப் பேசப்படினும், அதன் அடியில் கடற்கரை வாழ்வின் மெய்ம்மை உள்ளது.

முத்துக்குளித்தல் இம்மெய்ம்மையை இன்னும் கூர்மையாக்கியது. மூழ்குபவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்குச் சென்று, ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கி, சிப்பிகளை வலைப்பையில் சேர்ப்பார். தோணியில் இருப்பவர் கயிற்றை இழுத்து அவரை மேலேற்றுவார். மூழ்குபவரின் உயிர் மேலிருப்பவரின் கையில் உள்ளது. சுறா, மூச்சுத் திணறல், நீர்ப்பெருக்கு ஆகியன நாள்தோறும் எதிர்கொள்ளப்பட்ட இடர்கள். இவற்றோடு, சிப்பிப் படுகைகள் பல ஆண்டுகள் தொடர்ந்து விளையாமல் போவதும் உண்டு. ஆகவே பசியும் இக்கரைக்குப் புதியதன்று.

எனினும் சங்க இலக்கியம் பரதவரை இரங்குவோராக மட்டும் காட்டவில்லை. பட்டினப்பாலை, நிறைமதி நாளில் கடலுக்குச் செல்லாத பரதவர் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்டுக் கூடி மகிழ்வதை விரித்துரைக்கிறது. அச்சந்தரும் சுறாவின் கொம்பே அங்கு வழிபடுபொருளாகிறது. இடரைத் தந்த பொருளையே நடுவில் நிறுத்தி, தொழிலை நிறுத்தி, கூடிக் களித்தல் என்னும் அமைப்பு கிறித்தவம் இக்கரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கு இருந்துள்ளது. பின்னர் வந்த சமயம் இவ்வமைப்பின்மீதே தன்னை நிறுவிக்கொண்டது எனக் கருத இடமுண்டு.

மணப்பாட்டுத் திருச்சிலுவை பற்றிய மரபுச் செய்தி இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. 1540ஆம் ஆண்டளவில் புயலில் சிக்கிய போர்ச்சுகீசியக் கப்பலொன்றின் தலைவர், கரை சேர்ந்தால் முறிந்த பாய்மரத்தால் சிலுவை செய்து நாட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்றும், அவ்வாறே மணற்குன்றில் நாட்டினார் என்றும் அம்மரபு கூறுகிறது. இக்குன்றில் 1581இல் ஆலயம் எழுந்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் 14 அன்று இங்குத் திருச்சிலுவை விழா நிகழ்கிறது. பட்டினப்பாலையில் சுறாக்கொம்பு பெற்ற இடத்தை இங்கு முறிந்த பாய்மரம் பெற்றுள்ளது.

அடைக்கலமாக வந்த சமயம்

பரதவரின் சமய மாற்றம் உள்ளத்தின் தேடலிலிருந்து தொடங்கியதன்று. முத்துக்குளிக்கும் உரிமை, முத்து வணிகம் ஆகியவை தொடர்பாக இசுலாமிய வணிகக் குழுக்களோடு ஏற்பட்ட மோதல் 1530களில் முற்றியது. கோழிக்கோட்டிலிருந்து வந்த வணிகரான ஜுவாம் த குரூசு என்பவரின் அறிவுரைப்படி பரதவர் பட்டங்கட்டிகள் கொச்சி சென்று போர்ச்சுகீசியரின் துணையை நாடினர். திருமுழுக்குப் பெறுதல் அத்துணைக்கு உரிய உடன்பாடாயிற்று. 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் கடற்கரை ஊர்கள் ஒருசேரக் கிறித்தவம் தழுவின. ஏறத்தாழ 20,000 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் எண்ணிக்கையாகும்.

திருமுழுக்குப் பெற்றோருக்குக் கற்பிக்க அவர்தம் மொழியறிந்த குருக்கள் இல்லை. கிறித்தவப் பெயர்கள் சூட்டப்பட்டன; ஆனால் மன்றாட்டு எதுவும் தமிழில் இல்லை. 1542 அக்டோபரில் பிரான்சிசு சவேரியார் இக்கரைக்கு வந்தபோது, தாங்கள் கிறித்தவர் என்பதற்கு மேல் அவர்களால் எதுவும் கூற இயலவில்லை என அவர்தம் மடல் தெரிவிக்கிறது. அப்போதைய நிலையில் நம்பிக்கை என்பது ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம். மகிழ்ச்சி இருந்திருப்பின், அது கடலுரிமை மீண்டதால் வந்த மகிழ்ச்சியே.

ஒரு சொல்லின் திருத்தம்

சவேரியார் தமிழும் போர்ச்சுகீசியமும் அறிந்த உள்ளூரார் துணையோடு சில மாதங்கள் உழைத்து, நம்பிக்கை அறிக்கை, கட்டளைகள், கிறித்து கற்பித்த மன்றாட்டு, மரியன்னை வாழ்த்து, பாவ அறிக்கை ஆகியவற்றைத் தமிழாக்கினார். இவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியொன்றை ஒலித்தவாறு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களை அழைத்துக் கற்பித்தார்.

இம்மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழையொன்று குறிப்பிடத்தக்கது. நம்பிக்கை அறிக்கையில் ‘நம்புகிறேன்’ என்னும் பொருள்பட வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்னும் தொடர் அமைந்துவிட்டது. 1544இல் தம் உடன் உழைப்பாளரான பிரான்சிசுகோ மன்சிலாசுக்கு எழுதிய மடலொன்றில் சவேரியார், ‘வேணும்’ என்பது விருப்பத்தைக் குறிக்குமேயன்றி நம்புதலைக் குறிக்காது என விளக்கி, அவ்விடத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று சொல்லுமாறு பணிக்கிறார்.

மொழிபெயர்ப்பு வரலாற்றில் இது சிறு திருத்தம். ஆனால் இக்கரையின் சமய வரலாற்றை விளக்க இதைவிடப் பொருத்தமான சான்று அரிது. ‘எனக்கு வேணும்’ என்பது பாதுகாப்பை நாடி வந்த மக்களின் உண்மை நிலைக்கு ஒத்த தொடர். பிழையாக அமைந்த சொல் அவர்தம் நெஞ்சத்தைச் சரியாகவே கூறியது எனலாம். வேண்டியது கிடைத்தால் மகிழ்தலும் கிடையாதபோது வாடுதலும் அச்சொல்லின் இயல்பு. ‘விசுவசிக்கிறேன்’ என்பதோ கிடைத்தல், கிடையாமை என்னும் இரண்டையும் கடந்து நிற்கும் உறவைக் குறிப்பது. முதற்சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லுக்கு மாறுமாறு நாவுக்குக் கற்பிக்கச் சில நாட்கள் போதும். வாழ்வு அம்மாற்றத்தை அடைய எவ்வளவு காலம் ஆகும் என்பதை அவ்வாண்டே சோதிக்கத் தொடங்கியது.

1544: மணப்பாட்டிலிருந்து எழுதிய மடல்கள்

1544இன் நடுப்பகுதியில் விசயநகரப் பேரரசின் தெற்குப் படையெடுப்பை ஒட்டி வடுகர் படையினர் தென்கோடிக் கடற்கரை ஊர்களைத் தாக்கினர். குமரிமுனைப் பகுதிக் கிறித்தவர் சிலர் சிறைப்பட்டனர். எஞ்சியோர் கடலில் உள்ள பாறைகளில் ஏறி ஒளிந்து, பசியாலும் நீர்வேட்கையாலும் வாடினர். அவ்வாண்டு ஜூன் மாதம் மணப்பாட்டிலிருந்து சவேரியார் எழுதிய மடல் இச்செய்தியைத் தருகிறது. மணப்பாட்டாரின் 20 தோணிகளோடு அவர் உதவிக்குப் புறப்பட்டார். எதிர்க்காற்றால் தோணிகள் செல்ல இயலாமற் போயிற்று. பின்னர்த் தரைவழியே நடந்து சென்று அம்மக்களைக் கண்டார். உண்ண உணவின்றி இருந்தோர், முதுமையால் நடக்க மாட்டாதோர், இறந்துபட்டோர், வழியிலேயே பிள்ளை ஈன்றோர் எனத் தாம் கண்டவற்றை ஆகஸ்டு மாத மடலில் பதிவு செய்கிறார். ஏழைகளை மணப்பாட்டுக்கு வரச் செய்ததையும், செல்வர் மனம் அவர்கள்பால் இரங்க மன்றாட வேண்டியதையும் அம்மடலிலேயே எழுதுகிறார்.

அதே ஆண்டில் கடலுக்கு அப்பாலும் துன்பம் நேர்ந்தது. சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்றிருந்த மன்னார்த் தீவு மக்கள் பலர் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். மரபு அவர்களை ஏறத்தாழ 600 பேர் எனக் கூறுகிறது.

போர்ச்சுகீசியர் அளித்த பாதுகாப்பும் இக்காலத்தில் பெரிதும் பயன்படவில்லை. முத்துக்குளித்துறையின் போர்ச்சுகீசியத் தலைவர் கொசுமே த பைவாவின் பேராசையையும் கொடுமையையும் சவேரியாரின் மடல்களே கடிந்துரைக்கின்றன. ஆகவே 1544ஆம் ஆண்டு, ‘வேணும்’ என்னும் சொல்லின்மீது எழுந்த நம்பிக்கை முழுதும் தகர்ந்திருக்க வேண்டிய ஆண்டு. நாடியது கிடைக்கவில்லை, நாடப்பட்டவரே இடர் செய்தனர். இச்சூழலில் ஒப்பந்தம் மட்டுமே இருந்திருப்பின் அது முறிந்திருக்கும். ஆயினும் கடற்கரை ஊர்கள் கிறித்தவத்திலேயே நிலைத்தன.

மகிழ்ச்சிக்குச் சான்று எது?

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய புகழ்பெற்ற மடலில் சவேரியார், இம்மக்களிடையே உழைப்போர்க்கு இறைவன் அருளும் ஆறுதல் மிகப் பெரிது என்றும், இவ்வுலகில் மகிழ்ச்சி என ஒன்று உண்டெனில் அது இதுவே என்றும் கருத்துப்பட எழுதுகிறார். திருமுழுக்கு அளித்து அளித்துக் கை சோர்ந்ததையும், சொல்லிச் சொல்லிக் குரல் அற்றதையும் அம்மடலிலேயே குறிப்பிடுகிறார். அதே ஆண்டில் எழுதிய மற்றொரு மடலில், தம்மவர் இழைக்கும் கொடுமைகளைக் கண்டு வாழ்வே சலித்துவிட்டதாகவும் எழுதுகிறார். பெருமகிழ்ச்சியும் பெருஞ்சலிப்பும் ஒரே மனிதரிடம், ஒரே ஆண்டில், ஒரே கரையில் உடனிருந்துள்ளன. துன்பம் நீங்கிய பின்னரே மகிழ்ச்சி வரும் என்னும் பொதுக்கருத்திற்கு இது முரணானது.

எனினும் இவை சவேரியாரின் மகிழ்ச்சியும் சலிப்பும் ஆகும். பாறைமீது ஒளிந்திருந்தவரின் குரல் இம்மடல்களில் நேரடியாக ஒலிக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதப்பட்டுள்ளதேயன்றி, அவர்கள் எழுதியவை கிடைக்கவில்லை. சமயத் தொண்டரின் மகிழ்ச்சியை மக்களின் மகிழ்ச்சியாகக் கொள்வது ஆய்வுநெறிக்கு ஒவ்வாது. மக்களின் உள்ளநிலையை அவர்தம் செயல்களிலிருந்தே உய்த்துணர வேண்டியுள்ளது. அத்தகைய செயல்களாக மூன்று அமைகின்றன: ஒருங்கே மன்றாடியமை, மன்றாட்டு நூலுக்குப் பொருள் வழங்கியமை, வழிபாடு தடைப்பட்ட காலத்திலும் அதனை விடாமை.

ஒருங்கே சொல்லும் சொல்

சவேரியாரின் கற்பித்தல் முறையில் மையமாக அமைந்தவர் சிறுவர். அவர்கள் கற்றதை இல்லம் சென்று பெற்றோர்க்கும் அயலார்க்கும் கற்பித்தனர். ஞாயிறுதோறும் ஆடவர், பெண்டிர், முதியோர், சிறியோர் யாவரும் கூடி மன்றாட்டுகளை ஒருவர் சொல்ல மற்றவர் தொடர்ந்து உரக்கச் சொல்லினர். நோயுற்றோர் இல்லங்களுக்குச் சவேரியாரால் செல்ல இயலாதபோது சிறுவர்கள் சென்று, வீட்டாரையும் அயலாரையும் கூட்டி நம்பிக்கை அறிக்கையைச் சொல்லினர். ஊர்தோறும் இதனைத் தொடர்ந்து நடத்தக் கணக்கப்பிள்ளை என்னும் பொறுப்பாளர் அமர்த்தப்பட்டார்.

இம்முறையின் உளவியல் பயன் ஆழமானது. நோயாளியின் இல்லத்தில் கூடுவோர் நோயை நீக்க வல்லவர் அல்லர். ஆயினும் தனித்துக் கிடந்தவரைச் சுற்றி, அவர் அறிந்த மொழியில், அவரும் சேர்ந்து சொல்லத்தக்க சொற்களோடு ஊர் கூடுகிறது. மகிழ்ச்சி இங்குத் தனிமை நீங்கியதன் பெயராகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் அவ்வாறே. தோணியில் கயிறு பிடிப்போரும் கடலடியில் மூழ்குவோரும் வாரத்தில் ஒருநாள் ஒரே சொற்களை ஒரே குரலில் சொல்லினர்.

புதிய ஏற்பாட்டில் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய மடல் இதற்கு ஒப்பாகும். சிறையிலிருந்து எழுதப்பட்ட அம்மடல், மகிழுமாறு மீளமீளக் கூறுவது. அங்கும் மகிழ்ச்சி தனியொருவருக்குக் கூறிய அறிவுரையாக அமையவில்லை. ஒரு சபையார் தமக்கு அனுப்பிய உதவியை நன்றியோடு நினைந்து, அச்சபையார் அனைவரையும் நோக்கி எழுதப்பட்டது அது. உதவி, உறவு, மகிழ்ச்சி ஆகிய மூன்றும் அம்மடலில் பிரிக்க இயலாதபடி பிணைந்துள்ளன.

அச்சேறிய மன்றாட்டு

சவேரியாரின் பணியைத் தொடர்ந்தவர்களுள் தலையாயவர் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழுலகம் அறிந்த என்றிக்கே என்றிக்கசு (1520-1600). இவர் தமிழை முறையாகக் கற்று, போர்ச்சுகீசிய மொழியில் தமிழிலக்கணம் எழுதினார். முன்னைய மன்றாட்டுகளைத் திருத்தினார். புன்னைக்காயலை மையமாகக் கொண்டு அரை நூற்றாண்டு உழைத்தார். அக்காலம் அமைதியானதன்று. 1549இல் வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்டார். 1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது அண்டிரிக் அடிகளாரே சிறைப்பட்டார். இச்சூழலில்தான் புன்னைக்காயலில் ஏழை நோயாளர்க்கென மருத்துவமனையொன்று மக்களின் பொருளுதவியோடு நடத்தப்பட்டது.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களுள் இன்று கிடைக்கும் பழமையானதாகிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. 16 பக்கங்கள் கொண்ட சிறுநூல் அது. 1579இல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் வெளிவந்தது. 1586இல் அடியார் வரலாறு என அறியப்படும் பெருநூல் அச்சேறியது. இவ்வச்சுப் பணிக்குப் பரதவர் பொருள் வழங்கினர் என்பது வரலாறு.

இப்பொருளுதவி கருதத்தக்க சான்றாகும். முத்து விளைவு உறுதியற்றது, தாக்குதல்கள் தொடர்ந்தன, வரிச்சுமையும் இருந்தது. அந்நிலையில் தம் பொருளைச் சொற்களுக்காகச் செலவிட ஒரு சமூகம் முன்வந்தது. பாதுகாப்புக்காகப் பொருள் வழங்குவது ‘வேணும்’ என்னும் சொல்லின் பாற்படும். தாம் நாள்தோறும் சொல்லும் மன்றாட்டு தம் மொழியில், தம் எழுத்தில் நிலைபெற வேண்டும் எனப் பொருள் வழங்குவது அச்சொல்லைக் கடந்தது. தமக்கு மகிழ்ச்சி தராத ஒன்றை மக்கள் இவ்வாறு பேணுதல் அரிது.

அடியார் வரலாறு திருவழிபாட்டு ஆண்டின் ஒழுங்கில் புனிதர் வாழ்க்கையைக் கூறுவது. துன்புறுத்தப்பட்டும் தளராத அடியார் கதைகள் அதில் மிகுதி. பாறையில் ஒளிந்தோரின் பேரப்பிள்ளைகள் இக்கதைகளைத் தமிழில் கேட்டனர். தம் முன்னோர் பட்ட துன்பம் பொருளற்ற விபத்து அன்று, உலகெங்கும் பரந்த ஒரு நீண்ட வரலாற்றின் பகுதி என்னும் உணர்வை இக்கதைகள் அளித்திருக்கும் எனக் கொள்ளலாம்.

1658: காப்பாளர் நீங்கிய பின்

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். போர்ச்சுகீசியர் ஆதிக்கம் முடிவுற்றது. சீர்திருத்தச் சபையைச் சார்ந்த ஒல்லாந்தர் ஆலயங்களைத் தம் வயமாக்கி, கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். பிலிப்பு பல்தேயு என்னும் ஒல்லாந்தச் சபைப் போதகர் பரதவரைத் தம் சபைக்கு மாற்ற முயன்று வெற்றி பெறாததைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

பாதுகாப்பே சமயத்தின் அடிப்படையாயின், 1530களில் செய்ததைப் பரதவர் 1658இலும் செய்திருக்க வேண்டும். புதிய கடலாதிக்கத்தின் சமயத்தைத் தழுவுதலே ஆதாயமானது. அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஆலயம் பறிபோன நிலையில் உள்நாட்டுப் பகுதிகளில் இருந்த குருக்களை நாடிச் சென்றனர். 1555இல் தூத்துக்குடிக்கு வந்ததாக மரபு கூறும் பனிமய மாதா திருவுருவத்தை மறைவிடங்களில் வைத்துக் காத்தனர். விஜிலியுசு மான்சி அடிகளார் கட்டிய புதிய ஆலயத்தில் 1713 ஆகஸ்டு 5 அன்று அத்திருவுருவம் மீண்டும் பொதுவழிபாட்டிற்கு வந்தது. இடைப்பட்டது ஏறத்தாழ அரை நூற்றாண்டு. ஆகஸ்டு 5 இன்றளவும் இக்கரையின் பெருவிழா நாள்.

‘வேணும்’ என்பதற்கும் ‘விசுவசிக்கிறேன்’ என்பதற்கும் இடையே இருந்த தொலைவை இச்சமூகம் கடந்துவிட்டது என்பதற்கு 1658 தெளிவான சான்றாகும். காப்பாளர் நீங்கினார், காக்கப்பட்டவரே இப்போது தம் நம்பிக்கையைக் காத்தனர்.

புலம்பலும் விழாவும்

இம்மரபில் மகிழ்ச்சி புலம்பலை விலக்கவில்லை என்பது மற்றொரு கூறாகும். தவக்காலத்தில் கிறித்துவின் பாடுகளை நினைந்து புலம்பும் வழக்கம் தமிழ்க் கத்தோலிக்கரிடையே வலிமையானது. ஈழத்தில் பணியாற்றிய கோவா நாட்டவரான யாக்கோமே கொன்சால்வெசு அடிகளார் (1676-1742) இயற்றிய வியாகுலப் பிரசங்கம் அவ்வழக்கின் சிறந்த வெளிப்பாடு. கடலில் கணவனையும் மகனையும் இழந்த பெண்டிர், மகனை இழந்த மரியாவின் புலம்பலில் தம் புலம்பலையும் சேர்க்க இயன்றது. நெய்தலின் இரங்கல் இங்குச் சமய வடிவம் பெற்றது.

புலம்பலுக்கு ஆண்டில் ஒரு காலம் உண்டு. அதற்கு முடிவும் உண்டு. தவக்காலத்தின் இறுதியில் உயிர்ப்பு விழா வருகிறது. வீட்டில் இழப்பு நேர்ந்திருப்பினும் ஊர் விழாக் கொண்டாடுகிறது. இழந்தவரையும் ஊர் அழைத்துச் செல்கிறது. மகிழ்ச்சியைத் தம்முள் கண்டெடுக்க மாட்டாதவர்க்கு ஊரின் மகிழ்ச்சி கடனாகக் கிடைக்கிறது. அடுத்த ஆண்டு அவர் மற்றொருவருக்கு அதனைத் திருப்பி அளிப்பார். தனிமனித முயற்சியாக மட்டும் மகிழ்ச்சியைக் கருதும் நோக்கு இப்பரிமாற்றத்தைக் காணத் தவறுகிறது.

சொல்வழக்குச் சான்றுகள்

தமிழ்க் கிறித்தவச் சொல்வழக்கும் இதனை உறுதிப்படுத்துகிறது. 1871இல் வெளிவந்த சீர்திருத்தச் சபைகளின் பொது மொழிபெயர்ப்பு, பிலிப்பியர் மடலில் ‘சந்தோஷம்’ என்னும் சொல்லை ஆள்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அவ்விடத்தில் ‘மகிழ்தல்’ என்னும் தமிழ்ச்சொல்லை ஆள்கிறது. மலைப்பொழிவில் துயருறுவோரைக் குறிக்க முன்னது ‘பாக்கியவான்கள்’ என்றும், பின்னது ‘பேறுபெற்றோர்’ என்றும் கூறுகின்றன.

‘பேறு’ என்பது பெறப்படுவது. ஒருவர் தாமே ஆக்கிக்கொள்வதன்று. முத்தும் அத்தகையது. உழைப்பின்றிக் கிடைக்காது, உழைப்பால் மட்டும் கிடைத்துவிடுவதுமன்று. கடலடிக்குச் சென்று மீள்பவர் கொண்டுவரும் சிப்பியில் முத்து இருப்பதும் இல்லாதிருப்பதும் அவர் கையில் இல்லை. துயருறுவோர் பேறுபெற்றோர் என்னும் முரணுரை, இத்தொழிலை அறிந்த கரைக்கு எளிதில் விளங்கத்தக்கதாகும்.

விளக்கத்தின் எல்லைகள்

மேற்கூறிய விளக்கத்தை மிகைப்படக் கொள்ளுதல் கூடாது. முதலாவதாக, நம்பிக்கை தந்த மகிழ்ச்சி துன்பத்தை நியாயப்படுத்தாது. கொசுமே த பைவாவின் கொடுமைக்கு மக்களின் பொறுமை விடையாகாது. சவேரியாரே அதனைக் கண்டித்து எழுதினார். இரண்டாவதாக, ஊர்க்கூட்டமும் விழாவும் பட்டங்கட்டி, சாதித்தலைவர் ஆகியோரின் அதிகாரத்தையும் நிலைநிறுத்தின. கூட்டு மகிழ்ச்சியில் எல்லாருக்கும் ஒத்த இடம் இருந்தது எனக் கூற இயலாது. மூன்றாவதாக, புதிய நம்பிக்கை பழைய நம்பிக்கைகளை முற்றும் அகற்றவில்லை. சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவராகக் கருதப்பட்ட கடற்கட்டிகளின் துணையை முத்துக்குளிப்போர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நாடினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ குறித்த வழக்கம் அது. கடலடியில் அச்சம் எஞ்சியிருந்தது. மகிழ்ச்சி அச்சமின்மையாக அமையவில்லை.

இவ்வெல்லைகளை இக்கால இலக்கியமும் உணர்த்துகிறது. ஜோ டி குரூசின் ஆழி சூழ் உலகு (2004), சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற கொற்கை (2009) ஆகிய புதினங்கள் பரதவர் வாழ்வில் நம்பிக்கையையும், திருச்சபை அமைப்போடு அவர்கள் கொண்ட முரண்களையும் ஒருங்கே காட்டுகின்றன.

முடிவுரை

இவ்வாய்வில் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. முத்துக்குளித்துறைப் பரதவரின் கிறித்தவம் பாதுகாப்பை நாடியதில் தொடங்கியது. நம்பிக்கை அறிக்கையில் ‘வேணும்’ என்னும் சொல் பிழையாக அமைந்தமையும், ‘விசுவசிக்கிறேன்’ எனத் திருத்தப்பட்டமையும் அவ்வரலாற்றின் போக்கைச் சுட்டும் மொழிச் சான்றுகளாகும்.

2. 1544இல் பாதுகாப்புப் பொய்த்தபோதும், 1658இல் காப்பாளரே நீங்கியபோதும் நம்பிக்கை நிலைத்தது. ஆதாயம் மட்டுமே அதன் அடிப்படையன்று என்பது இதனால் பெறப்படும்.

3. மக்களின் மகிழ்ச்சிக்குச் சமயத் தொண்டரின் மடல்களைவிட மக்களின் செயல்களே தக்க சான்று. ஒருங்கே மன்றாடுதல், மருத்துவமனைக்கும் அச்சுக்கும் பொருள் வழங்குதல், விழாவைக் காத்தல் ஆகியன அவை.

4. கிறித்தவ மகிழ்ச்சி நெய்தலின் இரங்கலை நீக்கவில்லை. இரங்கலுக்குக் காலமும் மொழியும் துணையும் அளித்து, அதனைத் தாங்கத்தக்கதாக்கியது.

முத்துக்குளித்தல் இன்று இக்கரையில் தொழிலாக இல்லை; 1961க்குப் பின் தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. கடலிடரோ நீங்கவில்லை. 2017 ஒக்கிப் புயல் தென்கடற்கரை மீனவர் பலரின் உயிரைக் கொண்டது. ஆலய மணி ஒலிக்கக் கூடி, கடலுக்குச் சென்றோர்க்காகத் தமிழில் மன்றாடும் வழக்கம் இவ்வூர்களில் தொடர்கிறது. அம்மன்றாட்டுகளின் சொற்களையும், அவற்றைச் சொல்லும் பெண்டிரின் நினைவுகளையும் களஆய்வின் வழித் தொகுத்தல் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும். 1544இன் மடல்களில் ஒலிக்காத குரல் அவ்வழியிலேனும் பதிவு பெறுதல் வேண்டும்.